தெற்கே முப்பத்தேழு கிலோமீட்டர்

எங்கள் வீட்டில் யாராவது கொஞ்சம் கூட்டிச் சொன்னால், "முப்பத்தேழு விடாதே" என்பார்கள். என் பிள்ளைகள் இரண்டு பேரும் எண்ணக் கற்றுக்கொள்வதற்கு முன்னாலேயே இந்த எண்ணைக் கற்றுக்கொண்டார்கள். வெளியாட்களுக்கு இது புரியாது. இந்தச் சொல்லை வீட்டுக்குள் கொண்டுவந்த புண்ணியவதி நான்தான்.

வானிலை அலுவலகத்தில், புயல் பதிவுப் பிரிவில் எனக்கு வேலை. கடலில் புயல் ஒன்று கிளம்பினால், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அதன் மையம் எங்கே நிற்கிறது என்று பார்த்துக் குறிக்க வேண்டும். அது ஒரு பாதி. ஓய்ந்துபோன பழைய புயல்கள் எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எங்கே இருந்தன என்று யாராவது கேட்டால் தேடி எடுத்துக் கொடுக்க வேண்டும். அது மறுபாதி. கப்பல்காரர்கள் கேட்பார்கள், காப்பீட்டுக்காரர்கள் கேட்பார்கள், ஆராய்ச்சி மாணவர்கள் கடைசி நாளில் வந்து நின்று கேட்பார்கள். நூறு வருடத்துக்கும் மேலான புயல்கள் என் கணினியில் வரிசையாகப் படுத்திருக்கின்றன. எதைக் கேட்டாலும் தட்டி எழுப்பிவிடுவேன். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்பது என் கணக்கு. என் கணவரைக் கேட்டால் வேறு அளவு சொல்வார்.

என் மாமனார் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வுபெற்றவர். கல்யாணமாகி நான் அந்த வீட்டுக்குப் போன முதல் ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில், புது மருமகளுக்குத் தன் கதையைச் சொன்னார். டிப்போ திறந்து நான்காவது வருடம். காலையிலேயே புயல் அடிக்க ஆரம்பித்துவிட்டது. கால்வாய் ஓரத்து டிப்போவின் தகரக் கொட்டகையில் நாற்பத்திரண்டு பேர் ஒதுங்கியிருந்தார்கள். ஒரு வண்டியும் வெளியே போகக் கூடாது என்று மேலாளர் உத்தரவு போட்டிருந்தார். திடீரென்று காற்று நின்றுவிட்டது.

"சுவிட்சை அணைச்ச மாதிரி நின்னுடுச்சும்மா. வெயில் வேற. ஒரு குருவி வந்து என் வண்டிக் கண்ணாடியில உக்காந்து தன் மூஞ்சிய தானே பாத்துக்கிட்டு இருந்துச்சு. எல்லாரும் புயல் போயிடுச்சுன்னு வீட்டுக்குக் கிளம்பறாங்க. எனக்கு மட்டும் என்னவோ சரியாப் படல. அது போகல, மூச்சு வாங்குதுன்னு தோணுச்சு. அத்தனை பேரையும் வண்டியில அள்ளிப் போட்டு, மேட்டுல இருக்கிற கல் கட்டடப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் இறக்கினேன். இறக்கின கொஞ்ச நேரத்துல காத்து எதிர்ப்பக்கத்துலேருந்து திரும்ப வந்துச்சு பாரு. டிப்போக் கொட்டகை கால்வாயில கிடந்துச்சு."

அதுவரை வாயை மூடிக்கொண்டிருந்த நான் அப்போதுதான் திறந்தேன். வேலையில் சேர்ந்து மூன்று மாதம். அந்தப் புயலை அப்போதுதான் என் கையால் கணினியில் ஏற்றியிருந்தேன்.

"மாமா, புயலோட கண்ணு நேரா மேல வந்தாத்தான் அப்படிக் காத்து நிக்கும். அந்தப் புயல் நம்ம ஊருக்கு மேல வரவே இல்லையே. தெற்கே முப்பத்தேழு கிலோமீட்டர்ல போயிருக்கு."

வீடே சிரித்தது. எல்லோரையும்விட என் கணவர்தான் அதிகம் சிரித்தார். மாமாவும் சிரித்தார். "அப்படியா, உங்க ஆபீஸ்ல சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரை எடுத்துக் குடித்தார். அதற்குப் பிறகு அந்தக் கதையை அவர் வாயிலிருந்து யாரும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதை நான் கவனிக்கக்கூட இல்லை. பத்தொன்பது வருடம் ஓடிவிட்டது.

போன மாதம் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. டிப்போவுக்கு ஐம்பது வயதாகிறதாம். கண்காட்சி வைக்கிறார்கள். புயலன்று போன அந்தப் பேருந்து இன்னும் ஒரு மூலையில் நிற்கிறது. அதைத் துடைத்து வண்ணம் பூசி வாசலில் நிறுத்தப் போகிறார்கள். பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த நாளின் டிப்போப் பதிவேட்டைத் திறந்து வைப்பார்கள். அதில் மேலாளர் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்: "உத்தரவை மீறி, புயல் வீசும்போதே நாற்பத்திரண்டு பேரோடு வண்டியை வெளியே எடுத்தார்." காற்று நின்றது என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. அன்று காற்று நின்றது உண்மை என்று வானிலை அலுவலகம் எழுதிக் கொடுத்தால், மாமாவின் பெயரை வண்டியின் முன்னால் எழுதி, அவரையே மேடையில் பேசச் சொல்வார்கள். இல்லையென்றால் சிவப்பு மை மட்டும் தனியாகப் பேசும். கண்காட்சிப் பொறுப்பாளர் எதற்கும் அத்தாட்சி கேட்கிற ஆள். அன்றைய நடத்துநரைத் தேடிப் பிடித்துக் கேட்டிருக்கிறார். அந்த மகானுபாவர், "நான் போய்ச் சேர்ற வரைக்கும் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு இருந்தேன், காத்து இருந்துச்சா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்" என்று கையை விரித்துவிட்டார்.

கடிதம் சுற்றிச் சுற்றி என் மேஜைக்குத்தான் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் போக வேண்டும். பதில் என்ன என்பது எனக்குத் தெரியும், மாமாவுக்கும் தெரியும், எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

அன்று மாலை அவரிடம் போய் நின்றேன். அவரே ஆரம்பித்தார்.

"உள்ளத எழுதும்மா. எனக்காக ஒரு எழுத்து மாத்தாத. நான் அந்த விழாவுக்குப் போகலைன்னு சொல்லிட்டேன். முழங்கால் வலின்னு சொல்லிக்கலாம்."

அவருக்கு முழங்கால் வலியே கிடையாது. காலையில் என்னைவிட வேகமாக நடப்பார். எனக்கு அழுகை வந்தது. அவர் என்னைக் கோபித்துக்கொண்டிருந்தாலாவது தேவலை.

அதே வாரம் கடலில் ஒரு புயல் கிளம்பியிருந்தது. இளசுதான், வடமேற்கே போவதா, அங்கேயே சுற்றுவதா என்று தடுமாறிக்கொண்டிருந்தது. இப்படித் தடுமாறும்போது, இதே கடலில், இதே மாதத்தில் இதற்கு முன்னால் வந்த புயல்கள் எந்தப் பக்கம் திரும்பின என்று பழைய பதிவில் தேடுவோம். கணினி ஐந்தாறு புயல்களை வரிசைப்படுத்திக் கொடுக்கும். புதன்கிழமை கொடுத்த வரிசையில் இரண்டாவதாக மாமாவின் புயல் வந்து உட்கார்ந்திருந்தது. சொந்தக்காரரை அலுவலகத்தில் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு. சரி, நாளைக்குப் பார்க்கலாம் என்று மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

வியாழக்கிழமை காலை. என் கணவர் குடிநீர் வாரியத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறார்; எதையும் கட்டம் போட்டு ஏற்றினால்தான் அவருக்கு மனசு ஆறும். அப்பா போகாவிட்டாலும் அவர் தரப்பு விளக்கம் போக வேண்டும் என்று, வண்டி புறப்பட்ட நேரத்தையும் சேர்ந்த நேரத்தையும் அன்று குறித்து மாமா பத்திரமாக வைத்திருந்த ஓட்டுநர் தாளின் நகலைப் பார்த்து மடிக்கணினியில் தட்டிக்கொண்டிருந்தார்.

"புறப்பட்டது 10.50. சேர்ந்தது 11.10. வித்தியாசம் 0.60 மணி நேரம். அப்படின்னா முப்பத்தாறு நிமிஷம். சரியாப்பா?"

மாமா செய்தித்தாளைத் தாழ்த்தினார். "இருபது நிமிஷம்டா."

"பெட்டி முப்பத்தாறுன்னு காட்டுதே."

"பத்து அம்பதுக்கு எடுத்தேன், பதினொண்ணு பத்துக்குச் சேர்ந்தேன். விரல் விட்டு எண்ணு. நடுவுல இருக்கிற புள்ளி சும்மா பிரிக்கிறதுக்குடா. மணிக்கு நூறு நிமிஷம்னு உன் பெட்டி நினைச்சுக்கிட்டா, நான் எப்படிப்பா வண்டி ஓட்ட முடியும்?"

என் கணவர் அசடு வழிந்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இந்த மனிதரைக் கட்டிக்கொண்ட பிறகு இப்படி ஒரு வாய்ப்பு எனக்கு அடிக்கடி கிடைப்பதில்லை. அலுவலகம் போகிற வழியெல்லாம் அதையே நினைத்துச் சிரித்துக்கொண்டு போனேன்.

போய் உட்கார்ந்து மாமாவின் புயலைத் திறந்தேன். இருபத்துநான்கு இடங்கள். ஒவ்வொரு வரியிலும் தேதி, மணி, அட்சரேகை, தீர்க்கரேகை. புள்ளிக்குப் பின்னால் ஓர் எண். மேலிருந்து கீழே விரலை ஓட்டினேன். 2, 5, 1, 3, 0, 4, 5, 5. இன்னொருமுறை ஓட்டினேன். சைபரிலிருந்து ஐந்துவரை எல்லாம் இருந்தன. ஆறு ஒன்றுகூட இல்லை. ஏழு, எட்டு, ஒன்பது இல்லவே இல்லை. இருபத்துநான்கு வரிகளில், வரிக்கு இரண்டு எண், மொத்தம் நாற்பத்தெட்டு எண்கள். புயல் எத்தனை ஒழுங்கானதாக இருந்தாலும் இப்படிப் பார்த்துப் பார்த்துக் கால் வைக்காது.

பத்து ஐம்பது, பதினொன்று பத்து என்று மாமாவின் குரல் காதில் கேட்டது. மணிக்கு அறுபது நிமிடம். ஒரு டிகிரிக்கும் அறுபது நிமிடம்தான்.

பதிவு அறைக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் உண்மையாகவே ஓடினேன். வரைபடப் பிரிவுக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். மாமாவின் புயலை நான் பார்த்து ஏற்றிய பழைய நோட்டு கீழ்த்தட்டில் இருந்தது. கெட்டி அட்டை, முத்து முத்தான கையெழுத்து. எனக்கு முன்னால் இருந்தவர் அதிலிருந்து பதினோரு பக்கம் ஏற்றிவிட்டு மாற்றலாகிப் போய்விட்டார். பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு காகிதத்தைச் செருகி, "இங்கேருந்து ஏத்தணும்மா" என்று சொல்லி என் கையில் கொடுத்தார்கள். நானும் சமர்த்தாக அங்கேயிருந்தே ஏற்றினேன். முதல் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. அந்தக் காகிதம் இன்னும் அங்கேயே இருந்தது.

இப்போது முதல் பக்கத்தைத் திறந்தேன். தலைப்புக்குக் கீழே ஒரே வரி: "இந்நோட்டில் இடங்கள் டிகிரியிலும் நிமிடத்திலும் தரப்பட்டுள்ளன. புள்ளி, பிரித்துக் காட்ட மட்டுமே."

பன்னிரண்டாம் பக்கத்துக்குப் புரட்டினேன். நோட்டில் எல்லா இடத்திலும் புள்ளிக்குப் பின்னால் இரண்டு எண்கள் இருந்தன. 50, 40, 20. கணினிப் படிவத்தில் ஓர் எண்ணுக்குத்தான் இடம். கடைசி சைபருக்கு மதிப்பில்லை என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை நினைவு வைத்துக்கொண்டு, அத்தனை சைபரையும் நானே உதறித் தள்ளியிருக்கிறேன். ஐம்பது நிமிடம் என்றால் ஒரு டிகிரியில் முக்கால் பங்குக்கும் மேல். நான் ஏற்றியது அரை. அந்தப் புயலை மட்டுமல்ல, அந்த நோட்டிலிருந்து நான் ஏற்றிய இருபத்தொன்பது புயல்களையும் பத்தொன்பது வருடமாகத் தவறான இடத்தில் நடக்க விட்டிருக்கிறேன். காலையில் நான் விழுந்து விழுந்து சிரித்தது என் கணவரைப் பார்த்து.

வரைபடத்தை விரித்தேன். பென்சிலை எடுத்தேன். அன்று காலை ஆறு மணி இடத்தையும் நண்பகல் இடத்தையும் புதிதாகக் குறித்து, இடையில் கோடு இழுத்தேன். கோடு டிப்போவுக்குத் தெற்கே நான்கு கிலோமீட்டரில் போயிற்று. குறிப்புப் பத்தியில், கண்ணின் அகலம் இருபத்தைந்து கிலோமீட்டர் என்று அந்த முத்துக் கையெழுத்து எழுதி வைத்திருந்தது. டிப்போ கண்ணுக்குள் இருந்திருக்கிறது. எப்போதிலிருந்து எப்போது வரை என்று கணக்குப் போட்டேன். ஏறக்குறைய பத்து முப்பத்தைந்திலிருந்து பதினொன்று இருபது வரை. மாமா பத்து ஐம்பதுக்கு வண்டியை எடுத்திருக்கிறார்.

சந்தோஷமும் வெட்கமும் ஒன்றாக வந்தால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

எங்கள் தலைமைக் கணிப்பாளருக்கு நாங்கள் வைத்த பெயர் நிதானம். கூரை பறந்தாலும், "நிதானமா, நிதானமா" என்பார். நோட்டையும் வரைபடத்தையும் அவர் மேஜையில் வைத்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

"நிதானமா" என்றார். "ஏத்தினது யாரு?"

"நான்தான் சார்."

"இப்ப ஓடிக்கிட்டிருக்கிற புயலுக்கு இதை எங்கேயாவது ஆதாரமா வச்சிருக்கோமா?"

"ஒப்பிடற வரிசையில ரெண்டாவதா வந்துச்சு. இன்னும் யாரும் எடுத்துப் பயன்படுத்தல."

"அந்த இருபத்தொன்பதையும் இப்பவே நிறுத்தி வை. திருத்தின பிறகு விடலாம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பத்தொன்பது வருஷத்துல இது தப்புன்னு ஒருத்தர்கூடச் சொல்லலையா?"

"ஒருத்தர் சொன்னார் சார். நாங்க சிரிச்சோம்."

யார் என்று கேட்டார். சொன்னேன். நிதானம் வரைபடத்தைச் சுருட்டி என் பக்கம் தள்ளினார்.

"சொந்தக்காரர் விஷயம். நீ கையெழுத்துப் போடக் கூடாது. உன் வரைபடத்தை எடுத்துக்கோ. நோட்டை மட்டும் வச்சிட்டுப் போ. நான் தனியாப் போட்டுப் பாக்கிறேன்."

முக்கால் மணி நேரம் என் இருக்கையில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நடுவில் மதிய நேர இடத்தைக் குறிக்க வேண்டியிருந்தது. புதுப் புயல் ஒருவழியாக ஒரு முடிவுக்கு வந்து, கரைக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பியிருந்தது. குறித்தேன், புள்ளிக்குப் பின்னால் ஏழு. அந்த ஏழைப் பார்க்க எனக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது.

நிதானம் கூப்பிட்டார். அவருடைய கோடும் நான்கு கிலோமீட்டரில்தான் போயிருந்தது. கண்காட்சிக்காரருக்குப் பதிலை அவரே எழுதினார். குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நேரத்தில், டிப்போ புயலின் கண்ணுக்குள் இருந்தது. அந்த நேரத்தில் காற்று ஏறக்குறைய நின்றிருக்கும். பிறகு எதிர்த் திசையிலிருந்து வீசியிருக்கும். மூன்றே வரி. கீழே கையெழுத்து. திருத்த அறிவிப்பை நான் எழுதினேன். ஏற்றியவர் என்ற இடத்தில் என் பெயரை முழுதாக எழுதினேன். வேலையில் சேர்ந்ததிலிருந்து என் பெயரை அவ்வளவு மெதுவாக எழுதியதில்லை.

வீட்டுக்குப் போனபோது மாமா வாசலில் உட்கார்ந்து சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். கைப்பையைக்கூட வைக்காமல் பக்கத்துப் படியில் உட்கார்ந்தேன்.

"மாமா, தப்பு என்னோடது."

முழுவதையும் சொன்னேன். பன்னிரண்டாம் பக்கம், முதல் பக்கம், சைபர். அவர் சங்கிலியைச் சுற்றிக்கொண்டே கேட்டார். சங்கிலி ஒரு முழுச் சுற்று சுற்றி முடிந்தது.

"ஆக, இவன் இன்னைக்குக் காலையில பண்ணின தப்ப நீ பத்தொன்பது வருஷம் முன்னாடியே பண்ணிட்ட."

"ஆமா மாமா."

"பொருத்தம் பாத்துத்தான் கட்டி வச்சிருக்கோம்."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "எல்லார் முன்னாடியும் உங்களப் பொய்யராக்கிட்டேன் மாமா. என்னை மன்னிச்சிடுங்க" என்றேன்.

அவர் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தார். விரல் விரலாகத் துடைத்தார். "எனக்கே சந்தேகம் வந்துடுச்சும்மா" என்றார். "ஒருவேளை காத்து நிக்கலையோ, நான்தான் பயத்துல அப்படி நினைச்சுக்கிட்டேனோ, வீசற காத்துலதான் அத்தனை பேரையும் ஏத்திக்கிட்டுப் போனேனோன்னு. நாலு வருஷமா அந்தக் குருவிகூட எனக்குச் சரியா ஞாபகம் வரல. இன்னைக்கு நீ சொன்னதும் மறுபடி வந்து உக்காந்துடுச்சு."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டு அவர் பேச்சை மாற்றினார். "எத்தனை கிலோமீட்டர்னு சொன்ன?"

"நாலு."

"அந்த நாலும் எதுக்கு? நேரா மேலயே போயிருக்கக் கூடாதா உங்க புயல்?"

"பதிவுல நாலுதான் மாமா இருக்கு."

"சரி, இருந்துட்டுப் போகட்டும். விழாவுக்குப் போட்டுக்கிட்டுப் போக என் காக்கிச் சட்டை எங்க இருக்குன்னு பாரு."

"முழங்கால் வலி?"

"காலையோட போச்சு."

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் உட்கார்ந்தோம். பிள்ளைகளுக்கு என் கணவர் விவரத்தைச் சொல்லிவிட்டார். கட்டம் போடாமல் சொன்னது ஆச்சரியம். மாமா தட்டில் கை வைக்காமல் என்னைப் பார்த்தார்.

"சொல்லட்டுமா?" என்று கேட்டார். தன் சொந்தக் கதைக்கு, தன் சொந்த வீட்டில், என்னிடம் அனுமதி கேட்டார். நான் தலையை ஆட்டினேன்.

சொல்ல ஆரம்பித்தார். கால்வாய், தகரக் கொட்டகை, மேலாளரின் உத்தரவு, நாற்பத்திரண்டு பேர், சுவிட்சை அணைத்த மாதிரி நின்ற காற்று. பிள்ளைகள் சாப்பிட மறந்து கேட்டார்கள். அவர்கள் இந்தக் கதையை அவர் வாயால் கேட்பது இதுதான் முதல் தடவை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"வெயில் அடிக்குது. ரெண்டு குருவி வந்து என் வண்டிக் கண்ணாடியில உக்காந்துச்சு" என்றார் மாமா.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு குருவிதான் வந்தது. என் கணவருக்கும் அது நினைவிருந்தது, தலையை நிமிர்த்தினார். "தாத்தா, முப்பத்..." என்று ஆரம்பித்த என் மகள் பாதியில் நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். மாமாவும் பார்த்தார்.

"ரெண்டுதான்" என்றேன்.

பதிவுப் பிரிவு சொல்லிவிட்டால் எங்கள் வீட்டில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. மாமா தண்ணீரை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு, வண்டியைக் கிளப்பினார்.